அகத்தித் தேமலின் கூடு

துவாதசிக்கு முதல் நாள் தாம்பரம் சந்தையில் அகத்திக்கீரைக்கு உண்டாகும் கிராக்கி அங்கத்தினர்கள் அறிந்ததே. வெற்றிலைக் கொடி படர்வதற்கும் அகத்தியே துணை. அதன் இலையில் சில சமயம் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் காணப்படும். இதுவே தேமல் நோய். மருந்துக்குப் பணம் செலவிடுமுன், நோயை விளைவிக்கும் பொருளின் அமைப்பை அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறோம்.

அப்பொருள் ஒரு வைரஸ். திருப்பதி வட்டாரத்து அகத்தியிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். ஆர். என். மூர்த்தி, எச். எஸ். சாவித்திரி ஆகியோரின் குழுவினர் அதனைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, 1995-ல் அதன் உருவத்தை நுணுக்கமாக வரையறுத்தனர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 33,000 வைரஸ்களை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறிது.

உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை நூல். வெளியே புரதக் கூடு. நூலில் உள்ள இரசாயன எழுத்துக்கள் சுமார் 4,100. கூட்டிலோ 180 புரதத் துண்டுகள். ஒரு துண்டை உருவாக்கும் குறிப்புக்கே 800 எழுத்துக்கள் வேண்டும். துண்டுகள் வெவ்வேறானவையாயின் ஒரு லட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேல் எழுத்துக்கள் தேவைப்படும்! ஆகையால் 180-உம் ஒரே குறிப்பினின்று பிறந்தவை. தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜக்கார்டில் கோத்த ஒரே அட்டைக் கட்டு திரும்பத் திரும்பச் சுற்றியே சேலையின் கரை முழுவதும் அமைகிறதன்றோ?

ஆயினும் ஒரே வகைத் துண்டுகளால் உருண்டையான கூடு சமைப்பது எளிதன்று. ஆறாறாகச் சேர்த்துக்கொண்டே போனால் தட்டையான பாய்தான் கிடைக்கும். ஐந்தைந்தாகச் சேரும் இடங்கள் பன்னிரண்டு இருந்தால்தான் அது வளைந்து மூடும். கால்பந்தின் தோலைக் கவனியுங்கள்: ஐங்கோணம் 12, அறுகோணம் 20. ஐந்து வீதம் அறுபது, ஆறு வீதம் நூற்றிருபது, ஆக 180. காஸ்பரும் க்ளூகும் 1962-ல் வகுத்த விதி இதுவே.

ஒவ்வொரு துண்டுக்கும் உட்புறமாக ஒரு வால் உண்டு. அதில் நேர் மின்னூட்டம் மிகுதி; நூலில் எதிர் மின்னூட்டம். எனவே வால்கள் நூலைப் பற்றிக் கூட்டினுள் அடக்குகின்றன. வாலோடு சேர்த்து முதல் 65 அமினோ அமிலங்களை அக்குழுவினர் நீக்கிப் பார்த்தனர். அறுபதே துண்டுகள் கொண்ட குட்டிக் கூடு உண்டாயிற்று! கூட்டின் அளவும் வாலைப் பொறுத்தது என்பது இதனால் விளங்கிற்று. துண்டுகளின் பொருத்துகளில் கால்சியம் ஆணிபோல் அமர்ந்து உறுதியளிக்கிறது.

இக்கூடு உண்பதில்லை, சுவாசிப்பதில்லை. பூச்சிக்கொல்லியும் பூஞ்சணக்கொல்லியும் கெடுப்பதற்கு அதனிடம் உயிர்த்தொழில் ஏதுமில்லை. செடியின் உயிரணுவினுள் நூல் வெளிப்பட்டபின், செடியின் கருவிகளையே கொண்டு பெருகுகிறது. தேமலைக் குணமாக்கும் என்று விற்கப்படும் புட்டிகளுக்காகக் கடன் கேட்டு வரும் மனுக்களை நாம் சிபாரிசு செய்யாதது இதனாலேயே. பூச்சியால் பரவும் தேமல்களில் அப்பூச்சியை ஒடுக்க மருந்தடிப்பது வேறு விஷயம். அகத்தித் தேமல் சாற்றின் வழியாகவும் தொற்றவல்லது. நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துக. அதில் பட்ட கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியில் வைத்தல் கூடாது.