அரண்மனை ஊசியும் திரைப்படக் கருவியும்: கோட்வாரா முஸாஃபர் அலியின் இரட்டைப் பயணம்

புதுதில்லி: 1998 மக்களவைத் தேர்தலில் லக்னௌ தொகுதியில் அடல் பிகாரி வாஜ்பாயை எதிர்த்து சமாஜவாதி கட்சி நிறுத்திய வேட்பாளர் ஒரு திரைப்பட இயக்குநர். விலையுயர்ந்த ஆடைகளை வடிவமைத்து விற்பவரும் கூட. 2 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் அவர் தோற்றார். வாஜ்பாய் பிரதமரானார். தோற்றவரை அரசியல் நிருபர்கள் மறந்துவிட்டனர்.

ஆனால் முஸாஃபர் அலி எளிதில் மறக்கக்கூடியவர் அல்லர். "உம்ராவ் ஜான்' படத்தை இயக்கியவர் என்றால் வட இந்தியாவில் அறியாதவர் இல்லை. தில்லியில் வசதி படைத்த குடும்பங்களின் திருமண வீடுகளில் "கோட்வாரா' என்ற பெயர் பொறித்த ஆடைகளும் அறிமுகமானவையே. இவ்விரண்டையும் ஒருவரே செய்கிறார் என்பதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு பிறந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கோலா கோகர்ணநாத் அருகே உள்ள சிற்றூர் கோட்வாரா. சுற்றிலும் கரும்பு வயல்கள். அந்தச் சிறு சமஸ்தானத்தின் வாரிசாக 1944-ல் பிறந்தார் முஸாஃபர் அலி. அவரது சிறு வயதிலேயே ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. பட்டம் எஞ்சியது, வருவாய் போயிற்று. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்ற பின், கொல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். சத்யஜித் ராயின் அறிமுகம் அங்குதான் கிடைத்தது. பின்னர் ஏர் இந்தியாவின் விளம்பரப் பிரிவில் பணியாற்றினார். ஓவியமும் தீட்டினார்.

முதல் படமான "கமன்' 1978-ல் வெளிவந்தது. கோட்வாரா பகுதியிலிருந்து பிழைப்பு தேடி மும்பைக்குச் சென்று டாக்ஸி ஓட்டும் ஓர் இளைஞனின் கதை அது. ஃபரூக் ஷேக் நாயகன். ஊரில் காத்திருக்கும் மனைவியாக ஸ்மிதா பாட்டீல். ஊர் திரும்பும் செலவுக்குக்கூடப் பணம் சேராத அந்த இளைஞனின் தவிப்பே படம். ஜெய்தேவின் இசைக்கும் சாயா கங்குலியின் குரலுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. தன் முன்னோர் ஆண்ட மண்ணில் மக்கள் ஏன் தங்க முடியவில்லை என்ற கேள்வியை ஒரு ராஜாவின் மகன் எழுப்பியது அன்று புதுமையாகப் பேசப்பட்டது.

அடுத்தது "உம்ராவ் ஜான்' (1981). மிர்ஸா ஹாதி ருஸ்வா 1899-ல் வெளியிட்ட உருது நாவலைத் தழுவியது. ரேகா, இசையமைப்பாளர் கய்யாம், பாடகி ஆஷா போஸ்லே, கலை இயக்குநர் மன்சூர் ஆகிய நால்வருக்கும் தேசிய விருதுகளைத் தேடித்தந்த படம். இதில் ஆடைகளும் ஒரு பாத்திரமாகவே விளங்கின எனலாம். ஆடை வடிவமைப்பு, அப்போது அவரது மனைவியாக இருந்த சுபாஷிணி அலியுடையது. அவத் பிரபுக்களின் வீட்டுப் பெட்டிகளில் உறங்கிய பழைய உடைகளும் துணிகளும் தேடி எடுக்கப்பட்டன. தரையில் புரளும் கராராக்கள், மங்கிய தங்க நிறத்தில் ஜரிகை, முக்காட்டின் ஓரம் என ஒவ்வொன்றிலும் காலத்தின் வாசம் இருந்தது. இந்தி சினிமாவின் வழக்கமான பளபளப்பு அதில் இல்லை.

சுபாஷிணி அலியைத் தமிழகம் நன்கு அறியும். சென்னையில் பிறந்து நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை வகித்த கேப்டன் லட்சுமியின் மகள் அவர். 1989-ல் கான்பூரில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் வென்று மக்களவைக்கு வந்தார். இருவருடைய மகன் ஷாத் அலி, மணிரத்னத்திடம் உதவியாளராக இருந்தவர்; "அலைபாயுதே' படத்தை "சாத்தியா' என்ற பெயரில் 2002-ல் இந்தியில் தந்தவர்.

முஸாஃபர் அலி ஊசிக்கும் நூலுக்கும் நெருக்கமாக வந்தது 1986-ல் உருவான "அஞ்சுமன்' படத்தில்தான். லக்னௌவின் பழைய நகரில் சிகன் தையல் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய படம் அது. (பெயரைப் பார்த்து நம் வாசகர்கள் கோழியை நினைக்க வேண்டாம். மெல்லிய துணியில் வெண்ணூலால் இடும் பூவேலைக்குப் பெயர் சிகன்.) மரக்கட்டை அச்சால் துணியில் நீல நிறத்தில் கோலம் பதித்து, அதன்மேல் பெண்கள் வீட்டுக்குள் அமர்ந்தே தைப்பார்கள். தைத்து முடித்துச் சலவை செய்தால் நீலம் மறைந்து பூ மட்டும் நிற்கும். கடைக்காரருக்கும் தைப்பவருக்கும் இடையே தரகர்கள் உண்டு. எனவே துண்டுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கூலி சொற்பம். கண் பார்வையோ சீக்கிரம் மங்கும். அந்தப் பெண்கள் நியாயக் கூலி கேட்டு ஒன்றுசேர்வதைத்தான் படம் காட்டியது. ஷபனா ஆஸ்மி நடித்ததோடு சொந்தக் குரலில் பாடவும் செய்தார்.

பிறகு காஷ்மீர். 16-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஹப்பா காத்தூனின் வாழ்க்கையை "ஜூனி' என்ற பெயரில் எடுக்கத் தொடங்கினார். டிம்பிள் கபாடியாவும் வினோத் கன்னாவும் நடித்தனர். ஆடைகளை அமெரிக்க வடிவமைப்பாளர் மேரி மெக்ஃபேடன் கவனித்தார். பள்ளத்தாக்கின் எல்லாப் பருவங்களும் படத்தில் இடம்பெற வேண்டும் என்பது திட்டம். 1989 டிசம்பரில் அன்றைய மத்திய உள்துறை அமைச்சர் முஃப்தி முகமது சயீதின் மகள் ஸ்ரீநகரில் கடத்தப்பட்டார். தீவிரவாதம் பரவியது, படப்பிடிப்பு நின்றது. படம் திரைக்கு வரவே இல்லை.

அந்த முறிவுக்குப் பிறகு, 1990-ல், கட்டடக் கலைஞரான மனைவி மீரா அலியுடன் சேர்ந்து கோட்வாரா ஆடை நிறுவனத்தைத் தொடங்கினார். "துவார் பே ரோஸி' என்ற அமைப்பும் அதனுடன் பிறந்தது. "வாசலிலேயே பிழைப்பு' என்பது அதன் பொருள். மும்பைக்கு ரயிலேற வேண்டிய தேவையின்றி, சிகன் தையலும் ஜர்தோசி வேலையும் கற்றுக் கொடுத்து ஊரிலேயே வருவாய்க்கு வழி செய்வது அதன் நோக்கம். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றிலும் பலர் அமர்ந்து, கொக்கி ஊசியால் தங்க, வெள்ளிக் கம்பிகளைக் கோத்துச் செய்வது ஜர்தோசி. ஓர் உடைக்குப் பல வாரங்கள் பிடிக்கும். "கமன்' எழுப்பிய கேள்விக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் தந்த விடை இது என்பதில் ஐயமில்லை.

விடை முழுமையானதா என்பது வேறு. தலைநகரின் ஃபேஷன் வார மேடைகளில் ஏறும் இந்த உடைகளை வாங்குவோர் மிகச் சிலரே. ஒரு கிராமத்தின் கூலி, தில்லி மணப்பெண்களின் விருப்பத்தை நம்பியிருக்கிறது. ஆயினும் மறுபக்கத்தையும் கூற வேண்டும். இயந்திரத் தையலுடன் விலையில் போட்டியிட்டால் கைத்தையல் ஒரு நாளும் வெல்லாது. விலை உயர்ந்த ஆடை என்ற தகுதியே அதற்குப் பாதுகாப்பு. லக்னௌ சிகன் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2008-ல்தான். அதற்கு முன்பே கைத்தையலுக்கு உரிய விலை கேட்டவர்களில் கோட்வாரா நிறுவனமும் ஒன்று. குறியீடு பெயரைக் காக்கும், தரகரை அகற்றாது.

அரசியல் அவருக்குப் பொருந்தவில்லை. 2001-ல் தில்லி ஹுமாயூன் கல்லறை வளாகத்தை ஒட்டிய அரபு சராயில் "ஜஹான்-ஏ-குஸ்ரோ' என்ற சூஃபி இசை விழாவைத் தொடங்கினார். 2005-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2015-ல் "ஜானிசார்' படத்துடன் திரையுலகுக்குத் திரும்பினார். 1857 எழுச்சிக்குப் பிந்தைய அவத் அதன் களம். நாயகி பெர்னியா குரேஷி ஆடை அலங்காரத் துறையிலிருந்து வந்தவர். உடைகள் கண்ணைக் கவர்ந்தன, படம் ஓடவில்லை. "உம்ராவ் ஜான்' படத்தில் உடை கதைக்குள் இருந்தது, இதில் கதை உடைக்குள் ஒளிந்துகொண்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

பழைய படத்தின் மவுசு மட்டும் குறையவில்லை. தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் புதுப்பித்த "உம்ராவ் ஜான்', 2025 ஜூன் 27-ல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. 44 ஆண்டுகளுக்கு முன் தேடி எடுத்த அந்தப் பழைய துணிகளின் நெசவைப் புதிய தலைமுறை பெரிய திரையில் கண்டது. கோட்வாரா ஆடை நிறுவனத்தின் பணியில் இப்போது மகள் சமா அலியும் பெற்றோருடன் இணைந்துள்ளார்.