கரிசலாங்கண்ணியின் ரகசியத்தை அவிழ்த்த சென்னைப் பேராசிரியர்

மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் அருகே கீரைக்காரி கூடையை இறக்குகிறாள். அரைக்கீரை, முளைக்கீரையோடு சில நாள் கரிசலாங்கண்ணியும் இருக்கும். "வாங்கிக்கொண்டு போங்கள் அம்மா, காமாலைக்கு நல்லது" என்பாள். வீட்டில் பாட்டியும் அதையே சொல்வாள்.

நல்லது சரி. ஆனால் அந்த இலையில் எது நல்லது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஒரு சென்னைவாசி. அவர் பெயர் டி. ஆர். கோவிந்தாச்சாரி.

படிப்பு

1915-ம் ஆண்டு சென்னையில் பிறந்தவர் அவர். மெரினா கடற்கரையை ஒட்டி நிற்கும் மாநிலக் கல்லூரியில் ரசாயனம் படித்தார். பி. பி. டே என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். பின்பு அமெரிக்கா சென்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் என்ற மேதையிடம் வேலை கற்றார்.

கற்ற வித்தையோடு சென்னைக்குத் திரும்பினார். தான் படித்த அதே கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பிறகு அதன் முதல்வராகவும் இருந்தார்.

இலைக்குள் என்ன?

ஒரு மூலிகையை ஆராய்வது எப்படி? இலையை உலர்த்திப் பொடி செய்வார்கள். சாராயம் போன்ற திரவத்தில் ஊற வைப்பார்கள். இறங்கிய சாற்றைச் சுண்ட வைத்து, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரிப்பார்கள். கூடை கூடையாக இலை போட்டால், கடைசியில் ஒரு சிட்டிகைப் பொடி கிடைக்கும்.

அதன் பிறகுதான் கஷ்டமான வேலை. அந்தப் பொடியின் அணுக்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்று இருப்பது போன்ற கருவிகள் அப்போது இல்லை. பொருளைச் சிறிது சிறிதாக உடைத்து, துண்டுகளை வைத்து முழு உருவத்தை ஊகிக்க வேண்டும். பானை ஓட்டைப் பார்த்துப் பானையைச் சொல்வது போல!

1956-ல், மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து எடுத்த 'வெடலோலாக்டோன்' என்ற பொருளின் அமைப்பை அவர் வெளியிட்டார். அவருடன் உழைத்தவர்கள் கே. நாகராஜன், பி. ஆர். பாய் ஆகிய இருவர். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அந்தப் பொருள் உண்டு.

முப்பது ஆண்டு கழித்து, 1986-ல், ஜெர்மானிய, ஜப்பானிய விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இந்த இலைகளில் ஈரலைக் காக்கும் முக்கியப் பொருள்களில் வெடலோலாக்டோனும் ஒன்று என்றார்கள். பாட்டியின் சொல் வெறும் சொல் அல்ல!

ஆனால், காமாலை வந்தால் இலையை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். சோதனைச்சாலையில் கண்டது வேறு, நோயாளியைக் குணமாக்குவது வேறு.

அப்படியானால் கண்டுபிடித்ததால் என்ன பயன்? மண்ணுக்கு மண், மழைக்கு மழை, இலையின் சத்து மாறும். பொருள் இன்னதென்று தெரிந்தால்தான் அதை அளக்க முடியும். நல்ல சரக்கு எது, போலி எது என்று சொல்ல முடியும்.

இழுப்பு நோய்க்கு நம்மவர்கள் கொடுத்து வந்த நஞ்சறுப்பான் இலையையும் அவர் இவ்வாறே ஆராய்ந்தார்.

குருவும் சீடரும்

ரசாயனத் துறைக்கான பட்நாகர் பரிசு 1960-ல் முதன்முதலாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் கோவிந்தாச்சாரி. 1963-ல் பம்பாய் கோரேகாவில் சிபா கம்பெனி தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தை நடத்தச் சென்றார். சீடர் நாகராஜனும் அங்கே பணியாற்றினார். மனச்சோர்வுக்கான 'சின்டாமில்' என்ற மருந்து அந்த நிலையத்தில் பிறந்ததுதான். 1974-ல் அதே பட்நாகர் பரிசு நாகராஜனுக்கும் கிடைத்தது. குரு பெற்ற பரிசைச் சீடரும் பெற்றார்!

ஓய்வு உண்டா?

பம்பாயில் ஓய்வு பெற்றதும் கோவிந்தாச்சாரி சென்னை திரும்பினார். சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. மயிலாப்பூர் அமிர்தாஞ்சன் கம்பெனியின் ஆராய்ச்சியைக் கவனித்தார். அதன்பின் ஸ்பிக் விஞ்ஞான நிறுவனத்தில் சேர்ந்து வேம்பை ஆராய்ந்தார். வேப்பங்கொட்டையில் பூச்சிகளை விரட்டும் பொருள்களைத் தனித்தனியே பிரித்து எடுத்தபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

2001-ல் அவர் காலமானார்.

அடுத்த முறை கீரைக்காரி கரிசலாங்கண்ணியை நீட்டும்போது, பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். "இதில் என்ன இருக்கிறது?" என்று அதுவும் கேட்கட்டும்.