அதே இரண்டு நகரங்கள். பயணம் மட்டும் ஏன் நீண்டது?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 7,800 கி.மீ. 2022 பிப்ரவரி வரை பயணிகள் விமானங்கள் இதை ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தன. இன்று ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிறது. இடையில் இருக்கும் ரஷ்ய வான்பரப்பு பின்லாந்து விமானங்களுக்குக் கிடைக்காததே காரணம்.

குறுக்கு வழி எது?

தட்டையான உலக வரைபடத்தில் இவ்விரு நகரங்களையும் இணைத்துக் கோடு போட்டால், அது கஜகஸ்தான், மங்கோலியா, சீனா பக்கமாகப் போகும். உருண்டையான பூகோள மாதிரியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் உண்மை தெரியும். அந்த நூல் வடக்கே வளைந்து சைபீரியாவின் மேல் செல்லும். பழைய விமானப் பாதை ஏறத்தாழ அதுதான்.

நேரம் எப்படிக் கணக்காகிறது?

பெரிய பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். தூரத்தை அதனால் வகுத்து, மேலெழவும் கீழிறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் தோராயமான விடை கிடைக்கும். மீதியைக் காற்று தீர்மானிக்கும். பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம், டோக்கியோ போகும் விமானத்தை முன்தள்ளும். திரும்பும் விமானத்தை எதிர்க்கும்.

வானத்துக்கும் எல்லை உண்டு

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வானில் முழு இறையாண்மை உண்டு என்கிறது 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானம் எளிதில் திறக்கவில்லை. அதனால் 1957-இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குச் சேவை தொடங்கியது. 1983-இல் பின்லாந்தின் ஃபின்னேர், வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு இடைநில்லாமல் டோக்கியோவை அடைந்தது. அன்றும் ஏறக்குறைய 13 மணி நேரம்தான். பிறகு சைபீரியப் பாதை திறந்ததும், ஆசியாவுக்கு ஐரோப்பாவின் குறுக்கு வாசலாக ஹெல்சிங்கி வளர்ந்தது.

உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தடை விதித்தது. 2022 பிப்ரவரி 28 அன்று ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. இப்போது ஃபின்னேருக்கு இரண்டு வழிகள்: தெற்கே மத்திய ஆசியா, சீனா வழியாக, வடக்கே அலாஸ்கா, வட துருவம் வழியாக. அன்றைய காற்றைப் பார்த்தே வழி முடிவாகிறது. துருவத்தருகே காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது; அவசரமாக இறங்க விமான நிலையங்களும் குறைவு. எரிபொருள் உறைநிலையை நெருங்காமலும் விமானி கவனித்துக்கொள்ள வேண்டும்.

பயணிகள் கவனத்துக்கு

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் டோக்கியோ, ஹெல்சிங்கியை விட 7 மணி நேரம் முன்னே இருக்கும். மாலை 5.30-க்குப் புறப்பட்டு 13 மணி நேரம் பறந்தால், மறுநாள் பிற்பகல் 1.30-க்கு இறங்குவீர்கள். கோடையில் இந்த வித்தியாசம் 6 மணி நேரம்.

கூடுதல் நேரம் என்றால் கூடுதல் எரிபொருள், கூடுதல் புகை, கூடுதல் செலவு. புதிய விமானம் வாங்கி இதைத் தீர்க்க முடியாது. போர் ஓய்ந்து வான்பரப்பு திறந்தால் மட்டுமே பழைய ஒன்பதரை மணி நேரம் திரும்பும்.