பவர் பிரஸ் விபத்து: கவனக்குறைவு யாருடையது?

வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போய்விட்டால், விபத்து அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் எழுதப்படுவது ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்பதுதான். அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. மெஷினில் எதுவும் மாறுவதில்லை. அடுத்த ஷிப்டில் அதே பெடலுக்கு முன்னால் வேறொருவர் உட்காருகிறார். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளன்று உறுதிமொழி எடுக்கிறார்கள், பேட்ஜ் குத்துகிறார்கள், சுவரில் வாசகம் எழுதுகிறார்கள். அவற்றில் தவறில்லை. ஆனால் அவை எல்லாமே தொழிலாளியைப் பார்த்து ‘நீ கவனமாக இரு’ என்று சொல்பவை. மனிதனுக்குக் கவனம் சிதறும் என்பது ஊரறிந்த உண்மை. சிதறும்போதும் கை தப்பும்படி மெஷினை வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. அது நிர்வாகத்தின் கடமை. நம் நாட்டுச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. இது தெரியாததால் விரலை இழந்தவர்கள் இழப்பீட்டையும் சேர்த்து இழக்கிறார்கள்.

பவர் பிரஸ் எப்படி ஓடுகிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மோட்டாரின் விசையில் கனத்த ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் பெடலை மிதித்ததும் கிளட்ச் பிடிக்கும். ராம் என்னும் மேல்பாகம் டையோடு (அச்சோடு) இறங்கி, கீழ் டையில் வைத்த தகட்டை வெட்டியோ வளைத்தோ விட்டு மேலே ஏறும். சிறு பட்டறைகளில் ஓடும் பழைய பிரஸ்கள் பலவற்றில் இருப்பது கீ கிளட்ச். அது ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்று முடியாமல் விடாது. கை உள்ளே இருக்கிறது என்று தெரிந்து காலை எடுத்தாலும் ராம் பாதியில் நிற்காது. கீயோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்துபோயிருந்தால் மிதிக்காமலேயே இரண்டாம் முறையும் இறங்கும். டபுள் ஸ்ட்ரோக் என்று ஆபரேட்டர்கள் பயப்படுவது இதற்குத்தான். தகட்டை வைக்க ஒரு கை, வெட்டியதை எடுக்க ஒரு கை, மிதிக்க ஒரு கால் என்று ஒரே அசைவை ஒரு ஷிப்டுக்குள் ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும். கையும் காலும் தனித்தனியாக ஓடும் இந்த வேலையில், 12 மணி நேர ஷிப்டின் கடைசி மணியில் கால் ஒரு நொடி முந்திவிட்டால் அதைக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு நொடி என்றாவது வந்தே தீரும் என்பது மெஷினை நிறுவிய அன்றே தெரிந்த விஷயம்.

அதைத் தடுக்கும் வழிகளும் புதியவை அல்ல. தகடு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு, விரல் போக முடியாதபடி டையைச் சுற்றிப் பூட்டப்படும் நிலையான கார்ட் (தடுப்பு) ஒன்று. இரண்டு பொத்தானையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும் என்ற ஏற்பாடு இன்னொன்று. கை குறுக்கே வந்தால் ஒளிக்கற்றை அறுந்து மெஷினை நிறுத்தும் சென்சார் மூன்றாவது. இந்த மூன்றாவதில் ஒரு நுட்பம் இருக்கிறது, ஆய்வுக்கு வருபவர்களும் கவனிக்க வேண்டியது. பாதி வழியில் நிற்கக்கூடிய ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் உள்ள பிரஸ்ஸில்தான் சென்சாருக்கு அர்த்தம் உண்டு. நிற்கவே முடியாத கீ கிளட்ச் மெஷினில் சென்சாரை மாட்டிவிட்டுப் ‘பாதுகாப்பு செய்தாயிற்று’ என்று காட்டுவது கண்துடைப்பு. பாதுகாப்புப் பொறியியலில் ஒரு வரிசை உண்டு: முதலில் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் தடுப்பு வை, அதன் பிறகு பயிற்சி, கடைசியில்தான் கையுறையும் கண்ணாடியும். பல தொழிற்சாலைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

‘விபத்துக்குக் காரணம் ஆள்தான்’ என்ற எண்ணத்துக்கு ஒரு பழைய புள்ளிவிவரமும் துணை நிற்கிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த ஹெர்பர்ட் ஹைன்ரிச் 1931-இல் வெளியிட்ட நூலில், 88 சதவீத விபத்துகள் தொழிலாளர்களின் பாதுகாப்பற்ற செயல்களால் நடப்பதாக எழுதினார். இன்றும் பாதுகாப்பு வகுப்புகளில் இந்த எண்ணைச் சொல்கிறார்கள். அவர் அதை எடுத்தது காப்பீட்டுக் கோரிக்கைகளிலிருந்தும் தொழிற்சாலைப் பதிவுகளிலிருந்தும். அந்தப் பதிவுகளில் பழியை யார் பேரில் எழுதியிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூலக் கோப்புகள் இன்று சரிபார்க்கக் கிடைப்பதில்லை. நம் நாட்டு நிலவரத்துக்கு வருவோம். ஹரியானாவின் மானேசர் வட்டாரத்தில் காயம்பட்ட வாகனத் துறைத் தொழிலாளர்களோடு வேலை செய்யும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் ‘கிரஷ்ட்’ என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டுவருகிறது. கை, விரல் நசுங்கும் விபத்துகளில் பெரும்பங்கு பவர் பிரஸ்ஸில் நடக்கிறது, அடிபடுபவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், பலர் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள், பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கைக்கு வந்ததே விபத்துக்குப் பிறகுதான் என்று அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கவனக்குறைவு ஆளின் குணம் என்றால், விபத்துகள் ஒரே வகை மெஷினிலும் ஒரே வகைத் தொழிலாளரிடமும் இப்படிக் குவிவானேன்?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21-ஆம் பிரிவில், மெஷினின் அபாயகரமான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு இருக்க வேண்டும், அந்தப் பாகம் ஓடும் நேரமெல்லாம் அந்தத் தடுப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்றது. ‘கவனமில்லாத தொழிலாளிக்கு இது பொருந்தாது’ என்று எங்கும் சொல்லவில்லை. இதே போன்ற பிரிட்டிஷ் சட்டப் பிரிவை 1955-இல் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் விளக்கியது. சாணைச் சக்கரத்தில் கட்டைவிரல் அடிபட்ட தொழிலாளியின் வழக்கு அது. தடுப்பு வைத்தால் மெஷினைப் பயன்படுத்தவே முடியாது என்று நிறுவனம் வாதாடியது. அது தப்பிக்கும் காரணமாகாது, தடுப்பு வைக்கும் கடமை முழுமையானது என்பதே தீர்ப்பு. நம் சட்டத்தில் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரும் அடக்கம். ‘அவர் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்ட்’ என்ற பேச்சு கடமையைக் கழற்றிவிடாது. பாதுகாப்பு பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறவும், பயிற்சி பெறவும், ஆய்வாளரிடம் நேரடியாக முறையிடவும் உரிமை உண்டு என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 111ஏ பிரிவு கூறியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம் என்கிறது. கடமை தவறியதால் சாவு நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுகளுக்கோ கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

‘கார்டைக் கழற்றுவதே தொழிலாளிதானே’ என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. நடப்பதுதான், மறுக்கவில்லை. இரண்டு பொத்தானில் ஒன்றை எதையாவது செருகி நிரந்தரமாக அழுத்தி வைப்பதும் உண்டு. ஏன் செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கார்டோடு ஓட்டினால் எட்ட முடியாத எண்ணிக்கையை டார்கெட்டாக வைத்துவிட்டு, எட்டியவருக்கு ஊக்கத்தொகையும் கொடுத்தால், கார்டைக் கழற்றச் சொன்னது யார்? கழற்றிய கார்ட் மூலையில் கிடப்பதைச் சூப்பர்வைசர் தினமும் தாண்டித்தான் போகிறார். கருவியை வேண்டுமென்றே கெடுக்கக் கூடாது என்று தொழிலாளிக்கும் சட்டம் கடமை விதித்திருக்கிறது, அது சரியே. ஆனால் அந்தக் கடமை, நிர்வாகத்தின் கடமையைத் துடைத்துவிடுவதில்லை.

‘சிறு நிறுவனம், செலவு தாங்காது’ என்ற மறுப்பு இன்னும் கனமானது. அம்பத்தூரிலும் கோவையிலும் ஓசூரிலும் நான்கைந்து பிரஸ்ஸை வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்பவரின் லாபம் மெல்லியது என்பது உண்மை. கிளட்சையே மாற்றுவது பெரிய செலவுதான். ஆனால் இரும்புத் தகட்டிலும் கம்பி வலையிலும் செய்து டையைச் சுற்றி மாட்டும் கார்ட் அப்படியல்ல. தகட்டை எடுக்க நீண்ட இடுக்கியும் காந்தமும் கொடுப்பது அதனினும் எளிது. உண்மையில் இங்கே கேள்வி கேட்கப்பட வேண்டியவர், பாகத்தின் அளவு நூலிழை பிசகினாலும் திருப்பி அனுப்பும் பெரிய வாகன நிறுவனம். பாகத்தின் தரத்தை அளக்க ஆள் அனுப்பும் நிறுவனம், அதே ஆளிடம் பிரஸ்ஸில் கார்ட் இருக்கிறதா என்றும் பார்த்துவரச் சொல்லலாம். அரசும் இங்கே கோட்டைவிட்டிருக்கிறது. புதிய தொகுப்பு பாதுகாப்பு அலுவலர் வேண்டிய வரம்பை 1,000 தொழிலாளரிலிருந்து 500-ஆகக் குறைத்தது நல்லது. ஆனால் மின்விசையோடு இயங்கும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கான எண்ணிக்கையை 10-லிருந்து 20-ஆக உயர்த்தியது சரியல்ல. கவனிப்பே இல்லாத சிறு பிரஸ் பட்டறைகள் இதனால் பார்வைக்கு இன்னும் வெளியே போகும்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது? 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறுபவர் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வருவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பணிக்காயப் பலன் உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. நிறுவனம் சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் தொழிலாளியின் பலன் போகாது. இ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவ வாரியம் சதவீதத்தை முடிவு செய்யும். அதற்கேற்ற தொகை ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். நிர்வாகத்தின் உத்தரவையோ சட்ட விதியையோ மீறிய நேரத்தில் அடிபட்டிருந்தாலும், அது நிறுவனத்தின் வேலைக்காகச் செய்ததாக இருந்தால் பலன் உண்டு. ‘அவன் தப்பு’ என்ற வாதம் இங்கே செல்லாது.

இ.எஸ்.ஐ.க்குள் வராதவருக்கு 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் ஏற்பாடுகள் இருக்கின்றன; அவை இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுள்ளன. முதலாளி எப்போது பணம் தர வேண்டியதில்லை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், கார்டை வேண்டுமென்றே அகற்றுதல். சாவோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் இவற்றையும் சாக்காகச் சொல்ல முடியாது. சாதாரணக் கவனக்குறைவு அந்தப் பட்டியலிலேயே இல்லை. தொகையையும் பார்ப்போம். 25 வயதுத் தொழிலாளிக்கு ஒரு கையில் நான்கு விரல்களும் போனால் சட்ட அட்டவணைப்படி 50 சதவீத இழப்பு. 2020-இல் அறிவிக்கப்பட்ட உச்சவரம்பான 15,000 ரூபாயைச் சம்பளமாகக் கொண்டால், அதில் 60 சதவீதமான 9,000-ஐ அந்த வயதுக்குரிய 216.91-ஆல் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். 9,76,095 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும், தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். இவ்வளவு உரிமை உள்ளவரிடம் சில ஆயிரத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதைத் தொழிலாளியின் வீட்டாருக்கு யாரும் சொல்வதில்லை.

வேலைக்குச் சேர்ந்ததும் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி வீட்டில் எழுதிவையுங்கள். அடிபட்டவரை ‘கேஸ் வேண்டாம்’ என்று தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், வீட்டில் விழுந்ததாக எழுதச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எந்தத் தொழிற்சாலை, எந்த மெஷின், என்ன நேரம் என்று பதியச் சொல்லி அதன் நகலை வாங்குங்கள். நிர்வாகம் விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ. கிளைக்கு 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பியதா என்று நேரில் போய்க் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கார்ட் இல்லாத மெஷின் பற்றித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு விபத்துக்கு முன்பே எழுதுங்கள். தனியாக எழுத அஞ்சினால் தொழிற்சங்கம் மூலம் எழுதுங்கள். இழப்பீட்டு மனுவுக்குக் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்.