தொண்டை அடைத்தால்... வயதுக்கு ஏற்ற முதல் உதவி!

குழந்தை வேர்க்கடலை தின்கிறது. திடீரென்று மூச்சு முட்டுகிறது. அழக்கூட முடியவில்லை. முகம் நீலம் பாய்கிறது!

பதறிப்போன பெரியவர்கள் தண்ணீர் கொடுக்கிறார்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுகிறார்கள். இரண்டும் தவறு. தண்ணீர் மூச்சுப்பாதை அடைப்பை நீக்காது. விரலோ, அடைப்பை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

மூச்சு நின்றால் மூளை சில நிமிடமே தாங்கும். டாக்டர் வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. பக்கத்தில் இருப்பவர்தான் உயிரைக் காக்க வேண்டும். ஆனால், எல்லா வயதினருக்கும் ஒரே முறை ஆகாது.

1 வயதைத் தாண்டியவருக்கு

நன்றாக இருமுகிறாரா? இருமவிடுங்கள். இருமலே நல்ல மருந்து.

இரும முடியவில்லை என்றால், முன்னால் குனியச் செய்யுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள்.

அடைப்பு வரவில்லையா? பின்னால் நின்று கட்டிப் பிடியுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து, உள்நோக்கி மேலாக 5 முறை அழுத்துங்கள். நுரையீரலில் உள்ள காற்று, அடைப்பை வெளியே தள்ளும். இப்படி அழுத்தும் முறையை 1974-ல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க டாக்டர் ஹென்றி ஹைம்லிக்.

அடைப்பு வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

கைக்குழந்தைக்கு

1 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றை அழுத்தவே கூடாது! அதன் ஈரல் பெரியது. விலா எலும்பு அதை முழுவதும் மறைப்பதில்லை. அழுத்தினால் ஈரல் காயப்படும்.

குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வையுங்கள். தலை தாழ்ந்து இருக்கட்டும். முதுகில் 5 தட்டு. பிறகு மல்லாத்தி, மார்பின் நடுவே 5 அழுத்தம்.

தாத்தா, பாட்டிக்கு

பல் போனால் மெல்ல முடியாது. வயதானால் இருமலின் வேகமும் குறையும். அதனால் வயோதிகர்களுக்கும் அடைப்பு எளிதில் வரும். கழன்ற பல்செட்டே தொண்டையில் சிக்குவதும் உண்டு.

மயங்கிவிட்டால்?

தரையில் படுக்க வைத்து, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். மார்பை அழுத்தி முதல் உதவியைத் தொடங்குங்கள். வாயில் அடைப்பு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

மூச்சு ஊதும்போது பெரியவர்களுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்க வேண்டும். கைக்குழந்தையின் தலையை அப்படிச் சாய்த்தால், மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கும். முகம் நேராக மேலே பார்த்தபடி இருந்தால் போதும்.

அடைப்பு வெளியே வந்த பிறகும், வயிற்றை அழுத்தியிருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுவது அவசியம். உள்காயம் வெளியே தெரியாது!