பூகம்பம் காட்டும் உஷ்ணம்

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தூரத்தில், கரிய லாவாப் பாறைகள் கடல்வரை இறங்கிக் கிடக்கும் பாரன் தீவு, 1787-இல் குமுறியதைக் கண்டு எழுதி வைத்த கப்பற்காரர்கள் முதல், சுமார் ஒன்றரை நூற்றாண்டு உறங்கியபின் 1991-இல் மறுபடி அது கக்கிய நெருப்பைப் பார்த்தவர்கள் வரை, பலரையும் வியக்க வைத்ததுண்டு. ஆயின் அந்நெருப்பு பிறக்கும் பாதாளத்தில் உஷ்ணம் எவ்வளவு என்று நேரில் அளந்தவர் எவருமில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் பல்லாண்டு துளைத்தும் மனிதன் எட்டிய ஆழம் 12 கிலோமீட்டரும் சில்லறையும்தான். அங்கேயே 180 டிகிரிச் சூடு வேலையை முடக்கிவிட்டது.

ஆகவே பூமிசாஸ்திரிகள் பூகம்பத்தையே துணைக்கு அழைக்கிறார்கள். குளிர்ந்த பாறைதான் படீரென்று முறியும். சூடேறிய பாறை, கொல்லன் உலையில் பழுத்த இரும்பைப் போல், வளைந்து கொடுத்துவிடும். குவார்ட்ஸ் மிகுந்த மேலோட்டுப் பாறை 300, 350 டிகிரியிலேயே இளகத் தொடங்குகிறது. ஆழத்திலுள்ள ஒலிவைன் பாறையோ 600 டிகிரியை நெருங்கும் வரையில் முறியும் குணத்தை விடுவதில்லை. எனவே ஒரு பிரதேசத்தில் நேரும் சிறு நடுக்கங்களின் ஆழங்களையெல்லாம் குறித்துக்கொண்டே வந்து, எந்த ஆழத்துக்குக் கீழ் அவை அறவே ஓய்ந்துபோகின்றன என்று கண்டால், அங்கே நிலவும் உஷ்ணத்தை ஒருவாறு ஊகித்துவிடலாம். எரிமலைப் பிரதேசங்களில் அந்த எல்லை மேலேறி நிற்கும்.

அந்தமானிலோ ஒரு வேடிக்கை. பாரன் தீவுக்கு அடியில் நூறு கிலோமீட்டரை ஒட்டிய ஆழத்திலும் பூகம்பங்கள் நேர்கின்றன. அக்கினித் தீவின் கீழே, அத்தனை ஆழத்தில், முறியக்கூடிய குளிர்ந்த பாறை எப்படி வந்தது? மேற்கிலிருந்து வந்து தீவுகளுக்கு அடியில் சரிந்திறங்கும் இந்தியத் தட்டுதான் காரணம். பாறைக்கு உஷ்ணத்தைக் கடத்தும் சக்தி சொற்பமாதலால், சமுத்திரத்தின் குளிர்ச்சியை அது பாதாளம் வரை சுமந்து செல்கிறது. இறங்கும் வழியில் அதன் தாதுக்கள் வெளியிடும் நீர், மேலேயுள்ள சூடான பாறையின் உருகுநிலையைத் தாழ்த்திவிடுகிறது. எரிமலைக் குழம்பு உற்பத்தியாவது அங்கேதான். அந்த நீரே ஆழத்துப் பாறையை முறியவும் தூண்டுகிறது என்பதால், நடுக்கம் இருந்தாலே குளிர்ச்சி என்று கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பளிப்பதற்கில்லை. அதற்கும் ஒரு பரிகாரம் உண்டு: சூடான பாறையை ஊடுருவி வரும் அலைகளில் நெருக்கமான நுண்ணிய துடிப்புகள் கரைந்து, அகன்ற அலைகளே கருவியில் எஞ்சுவதைக் கொண்டும் உஷ்ணத்தைக் கணிக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26-இன் பெரும் பூகம்பமே 2005-இல் இந்த எரிமலையை எழுப்பிற்று என்பாருண்டு. அத்தகைய பூகம்பம் எதுவுமின்றியே 1991-இலும் 1994-இலும் அது எழுந்ததை எண்ணினால், அவ்வளவு துணிந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உஷ்ணத்தை இவ்வாறு கணிப்பதிலுள்ள உண்மையான இடர்ப்பாடு வேறு. தீவுகள் வடக்குத் தெற்காக ஒரே வரிசையில் கிடப்பதால் நிலநடுக்கமானிகளும் அவ்வரிசையிலேயே நிற்க நேர்கிறது, இருபுறமும் கடல். ஒரே வரிசையில் நிற்கும் கருவிகளைக் கொண்டு நடுக்கத்தின் ஆழத்தைத் திருத்தமாகக் கணிப்பது கடினம். நடுக்கத்தின் ஆழம் பத்துக் கிலோமீட்டர் பிசகினால், கிலோமீட்டருக்கு 25 டிகிரி வீதம் கணக்கிட்டாலும், உஷ்ணத்தில் 250 டிகிரி பிசகிவிடும். கடலடியிலும் கருவிகளை இறக்கி வைத்தாலன்றி இப்பிசகு குறைவதற்கில்லை.