ரியல் (ஆங்கிலச் சொல்)

ரியல் என்பது அசலான, மெய்யான, உள்ளபடியே இருக்கிற எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரடை ஆகும். அன்றாடப் பேச்சில் "போலியல்லாத" என்ற ஒரே பொருளில் இது புழங்குவது போலத் தோன்றினாலும், கணிதம், ஒளியியல், சட்டம், பொருளியல், நாணயங்கள், விளையாட்டு ஆகியவற்றில் இச்சொல் வெவ்வேறு பொருளில் வருகிறது. அவற்றுள் சிலவற்றுக்கு உண்மை, பொய் என்ற வேறுபாட்டோடு எந்தத் தொடர்பும் கிடையாது. எல்லா இடங்களிலும் "உண்மை" என்றே பெயர்த்துப் படிக்கும் மாணவர், கற்பனை எண் என்றால் பொய்யான எண் என்றும், மாய பிம்பம் என்றால் கண்ணுக்குத் தெரியாதது என்றும் எண்ணிவிட நேர்கிறது.

சொற்பிறப்பு

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் "ரெஸ்" ஆகும். பண்டம், விவகாரம், சொத்து என்று அதற்குப் பல பொருள் உண்டு. தமிழில் "பொருள்" என்ற சொல் ஏறக்குறைய இதே பரப்பை உடையது. ரெஸ் என்பதிலிருந்து பிற்கால இலத்தீனில் "ரியாலிஸ்" (பொருள் சார்ந்த) என்ற பெயரடை தோன்றி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. தொடக்கத்தில் அது பெரிதும் சட்டச் சொல்லாகவே இருந்தது.

இதற்குத் தொடர்பில்லாத இன்னொரு சொல்லும் உண்டு. இலத்தீனில் அரசன் என்பதற்கு "ரெக்ஸ்" என்றும், அரசனுக்குரிய என்பதற்கு "ரெகாலிஸ்" என்றும் பெயர். ஸ்பானியம், போர்த்துக்கீசியம் ஆகிய மொழிகளில் ரெகாலிஸ் தேய்ந்து "ரெயால்" ஆனது. ரியாலிஸ் என்பதும் அதே எழுத்து வடிவத்தையே அடைந்தது. ஆகவே அம்மொழிகளில் ஒரே சொல் "மெய்யான" என்றும் "அரச" என்றும் பொருள் தரும். ஆங்கிலத்தில் அரசப் பொருளை ராயல் என்ற தனிச்சொல் எடுத்துக்கொண்டது.

எதிர்ச்சொல்லே பொருளைத் தரும்

ஆக்சுபோர்டு மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டினின் விரிவுரைகள் அவர் மறைவுக்குப் பின் 1962இல் நூலாக வெளிவந்தன. அவற்றில் அவர் ரியல் என்ற சொல்லைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். பெரும்பாலான சொற்களில் நேர்ப்பொருள் முதலில் வரும், எதிர்மறை அதைச் சார்ந்து நிற்கும். இச்சொல்லில் அது தலைகீழ் என்பது அவர் கருத்து. ஒரு வாத்தை ரியல் என்று சொன்னால், அது பொம்மை அல்ல என்பதா, ஓவியம் அல்ல என்பதா, வேட்டைக்காரர் நீரில் மிதக்கவிடும் மர வாத்து அல்ல என்பதா என்பதைப் பொறுத்தே அதற்குப் பொருள் கிடைக்கும். எதனிலிருந்து வேறுபடுத்துகிறோம் என்று தெரியாவிட்டால் அச்சொல் ஒன்றும் சொல்லாது. கலைச்சொற்களில் ரியல் வரும் இடங்களைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

கணிதமும் ஒளியியலும்

மெய்யெண் என்பதன் எதிர்ச்சொல் கற்பனை எண். இவ்விரு சொற்களையும் சமன்பாடுகளின் மூலங்களைக் குறிக்க 1637இல் வெளியான தம் வடிவியல் நூலில் பிரெஞ்சு அறிஞர் ரெனே டேக்கார்ட் பயன்படுத்தினார். அதே நூலில் நேர்க்குறி மூலங்களை "உண்மையானவை" என்றும் எதிர்க்குறி மூலங்களைப் "பொய்யானவை" என்றும் அவர் அழைத்தார். அதாவது அவர் கணக்கில் பொய் மூலமும் மெய் மூலமாக இருக்கலாம்! உண்மை, பொய் என்ற இணை பின்னர் வழக்கொழிந்தது. மெய், கற்பனை என்ற இணை நிலைத்துவிட்டது. ஆயினும் கழித்தல் ஒன்றின் வர்க்கமூலம் எந்த வகையிலும் பொய்யன்று. மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளில் மின்பொறியாளர்கள் அதை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். எண் கோட்டில் அதற்கு இடமில்லை என்பதே வேறுபாடு.

ஒளியியலில் மெய் பிம்பம் என்பது ஒளிக்கதிர்கள் உண்மையிலேயே சந்திக்கும் இடத்தில் உருவாவது. அதைத் திரையில் பிடிக்கலாம். கதிர்கள் ஓரிடத்திலிருந்து விரிந்து வருவது போலத் தோன்ற மட்டும் செய்தால், அங்கே உருவாவது மாய பிம்பம். வீட்டுக் கண்ணாடியில் தெரியும் முகம் மாய பிம்பமே. அது கண்ணுக்கும் தெரியும், கைப்பேசிக் கேமராவிலும் பதியும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாளை வைத்து அதைப் பிடிக்கத்தான் முடியாது. திரைப்பட அரங்கின் திரையில் விழுவது மெய் பிம்பம். படத்தில் காட்டப்படும் கதை முழுக்கக் கற்பனை என்பது இங்கே கணக்கில் வராது.

தமிழில் ஒளியியலில் "மாய" என்று பெயர்க்கப்பட்ட அதே ஆங்கிலச் சொல், கணினித் துறையில் "மெய்நிகர்" ஆகியிருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லின் பெயர்ப்புகள் என்பது பாடநூலை மட்டும் படிப்போருக்கு எளிதில் தெரிவதில்லை.

சட்டமும் நிலமும்

ரியல் எஸ்டேட் என்ற தொடரில் உள்ள ரியல், நம்பகமான என்றோ அரசருக்குரிய என்றோ பொருள்படாது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் வழக்குகள் இரு வகைப்பட்டன. நிலத்தை இழந்தவர் அந்த நிலத்தையே, அதாவது பொருளையே, திரும்பப் பெற வழக்கிடலாம். அது ரியல் வழக்கு. மாடு, தானியம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் எதிராளியிடமிருந்து இழப்பீடே கிடைக்கும். அது ஆள் சார்ந்த வழக்கு. இவ்வாறு நிலமும் அதில் நிலைத்த கட்டடமும் ரியல் சொத்தாகவும் ஏனையவை ஆள் சொத்தாகவும் பிரிந்தன. தமிழில் வழங்கும் அசையாச் சொத்து, அசையும் சொத்து என்ற பிரிவு இதற்கு நெருக்கமானது, ஆனால் முற்றிலும் ஒன்றல்ல. ஆங்கிலச் சட்டத்தில் நீண்டகாலக் குத்தகை உரிமை நிலத்தைச் சார்ந்ததாயினும் ஆள் சொத்திலேயே சேர்க்கப்பட்டது.

தமிழ்நாட்டில் ரியல் எஸ்டேட் என்பது மனை வாங்கி விற்கும் தொழிலின் பெயராகவே நிலைத்துவிட்டது. அப்பெயர் மனையின் உரிமை பற்றி எந்த உறுதியும் தருவதில்லை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கொண்டே அதை அறிய வேண்டும். 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மிகாத அல்லது குடியிருப்புகளின் எண்ணிக்கை எட்டுக்கு மிகாத திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. சிறு மனைப்பிரிவுகளில் வாங்குவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

பொருளியல்

இங்கே ரியல் என்பதன் எதிர்ச்சொல் "பெயரளவு". விலைவாசி மாற்றத்தைக் கழித்துப் பார்ப்பதே மெய் ஊதியம், மெய் வட்டி, மெய் வளர்ச்சி. மாதம் 20,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு 5 விழுக்காடு உயர்வு கிடைத்து 21,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். அதே ஆண்டில் விலைவாசி 7 விழுக்காடு ஏறினால், அவர் பெறும் 21,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பண்டங்கள் முந்தைய ஆண்டில் சுமார் 19,626 ரூபாய்க்குக் கிடைத்தவை மட்டுமே. சம்பளச் சீட்டில் உயர்வு, சந்தையில் குறைவு. சம்பளச் சீட்டில் இருக்கும் எண் பொய்யன்று; அது வேறொன்றை அளக்கிறது, அவ்வளவே. ஊதிய உயர்வுப் பேச்சுவார்த்தைகளில் தொழிற்சங்கமும் நிர்வாகமும் ஒரே ஆண்டைப் பற்றி எதிரெதிராகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. வங்கி வைப்புக்கும் இதே கணக்குதான். 6 விழுக்காடு வட்டியும் 6 விழுக்காடு பணவீக்கமும் சேர்ந்தால் மெய் வட்டி ஒன்றுமில்லை.

நாணயங்கள்

ஸ்பெயினின் காஸ்டில் அரசில் 14ஆம் நூற்றாண்டில் "அரச நாணயம்" என்ற பொருளில் ரெயால் என்ற வெள்ளிக்காசு வெளியானது. எட்டு ரெயால் மதிப்புள்ள பெரிய காசு உலக வணிகத்தில் பரவி, அமெரிக்காவில் 1857 வரை சட்டப்படி செல்லும் பணமாக இருந்தது. சவூதி அரேபியா, கத்தார், ஓமன், ஏமன், ஈரான் ஆகிய நாடுகளின் ரியால் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததே. வளைகுடாவில் வேலை செய்யும் தமிழர்கள் ஊருக்கு அனுப்பும் ரியாலில் ஸ்பெயின் அரசன் ஒளிந்திருக்கிறான் எனலாம்.

பிரேசிலின் கதை இன்னும் சுவையானது. கடும் பணவீக்கத்தில் சிக்கியிருந்த அந்நாடு, 1994 மார்ச் 1 அன்று "மெய் மதிப்பு அலகு" என்ற கணக்கு அலகை அறிமுகப்படுத்தியது. கையில் புழங்கிய பணம் பழையதுதான்; ஆனால் விலையும் ஊதியமும் இந்த அலகில் குறிக்கப்பட்டன. ஜூலை 1 அன்று அந்த அலகே ரெயால் என்ற புதிய நாணயமாயிற்று. ஒரு ரெயாலுக்கு 2,750 பழைய குருசெய்ரோ ரெயால் என்று மாற்றப்பட்டது. போர்த்துக்கீசியர் காலத்து நாணயத்தின் பெயரும் பொருளியலாளரின் மெய் மதிப்பும் ஒரே சொல்லில் கூடின.

விளையாட்டு

ரியல் மாட்ரிட் கால்பந்துக் கழகம் 1902இல் தொடங்கப்பட்டது. "ரெயால்" என்ற பட்டத்தை மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ 1920இல் வழங்கினார். எனவே இது அரச மாட்ரிட். "அசல் மாட்ரிட்" அன்று. 1931இல் குடியரசு அமைந்தபோது பட்டம் நீங்கியது, பின்னர் திரும்பியது.

ரியல் டென்னிசு இதற்கு நேர்மாறு. சுவர்களுக்கு நடுவே ஆடப்படும் இப்பழைய ஆட்டத்துக்கு முதலில் டென்னிசு என்றே பெயர். 1870களில் புல்தரை டென்னிசு பரவி அப்பெயரை எடுத்துக்கொண்டதால், மூத்ததற்கு "அசல்" என்ற அடைமொழி தேவைப்பட்டது. மன்னர்கள் ஆடியதால் ராயல் என்பதே திரிந்தது என்ற கதையும் பரவலாக உண்டு. ஆஸ்திரேலியாவில் அதை முன்பு ராயல் டென்னிசு என்றே அழைத்தனர்.

கணினி

ஃபோர்ட்ரான் போன்ற நிரல்மொழிகளில் ரியல் என்பது பதின்மப் புள்ளி உள்ள எண்களைச் சேமிக்கும் தரவு வகை. குறிப்பிட்ட இலக்கங்களுக்கு மேல் அதில் இடமில்லாததால், அது கணிதத்தின் மெய்யெண்ணுக்கு ஒரு தோராயம் மட்டுமே. இரும முறையில் 0.1ஐத் துல்லியமாக எழுத முடியாது. இதனால் பல மொழிகளில் 0.1, 0.2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 0.3க்குச் சமமா என்று கேட்டால் "இல்லை" என்று விடை வரும். ஃபோர்ட்ரானில் வகை அறிவிக்கப்படாத மாறியின் பெயர் ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் முழு எண்ணாகவும், வேறெதில் தொடங்கினாலும் ரியலாகவும் கொள்ளப்படும். கடவுள் என்பதற்கான ஆங்கிலச் சொல் ஜி எழுத்தில் தொடங்குவதால், "முழு எண் என்று அறிவிக்கப்படாத வரை கடவுள் ரியல்" என்ற நகைச்சுவை நிரலாளர்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது.